குதிரைத் தடத்தில் சைக்கிள்: இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் மவுண்டன் பைக் ஓட்ட முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமப்பக்கம் மவுண்டன் பைக் ஓட்ட ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "எந்த சைக்கிள் வாங்கலாம்?" சைக்கிள் அப்புறம், முதலில் ஒரு வரைபடம் வாங்குங்கள் என்பேன். எந்தப் பாதையில் சைக்கிளோடு போக உரிமை இருக்கிறது, தரை எப்படிப்பட்டது, எதிரே குதிரை வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தவர்கள் நிறைய. நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் வரைபடத்துக்கும் பாதைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்; சைக்கிளுக்குக் கொஞ்சம்தான்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு போய்வரும் உரிமையை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் தந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே வயலுக்குள் சைக்கிளை இறக்கக்கூடாது.

முதல் படி: பச்சைக் கோடுகளைப் படிக்கப் பழகுங்கள்

இங்கிலாந்தில் குன்றும் காடும் மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் யாரோ ஒருவருக்குச் சொந்தமானவை. ஆனால் அவற்றின் ஊடாகப் பொதுமக்கள் போகும் உரிமை உள்ள பாதைகள் வலைபோல ஓடுகின்றன. அந்த உரிமை பாதைக்குப் பாதை மாறும். ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே நடப்பவர்களுக்கும், குதிரையில் வருபவர்களுக்கும், சைக்கிளுக்கும். பிரைடில் என்றால் கடிவாளம். குதிரைக்காரர்களின் பழைய தடங்கள் இவை. ரெஸ்ட்ரிக்டட் பைவே என்பதில் குதிரை வண்டி போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளும் போகலாம். எல்லாப் போக்குவரத்துக்கும் திறந்த பைவே என்று நான்காவது வகை ஒன்று உண்டு. அதில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும்கூட வரலாம். நமக்கு உரியவை கடைசி மூன்றும்.

பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை ரொம்பப் பழையது ஒன்றும் இல்லை. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம்தான் அதைக் கொடுத்தது. கூடவே இரண்டு விஷயங்களையும் சொன்னது. ஒன்று, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். இரண்டு, பாதையை சைக்கிளுக்குத் தோதாக வைத்திருக்கும் கடமை நிலத்துக்காரருக்கோ பாதையைப் பராமரிப்பவர்களுக்கோ கிடையாது. இந்த இரண்டாவது நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டால், முழங்கால் ஆழச் சேற்றையும் குதிரைக் குளம்புக் குழிகளையும் பார்த்து யார்மேலும் கோபம் வராது.

வாங்க வேண்டியது பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம். ஆரஞ்சு அட்டை போட்டது, அளவு 1:25,000. தரையில் 1 கி.மீ. என்பது தாளில் 4 செ.மீ. வேலிகள்கூடத் தெரியும். இதில் பொது உரிமைப் பாதைகள் பச்சை நிறத்தில் இருக்கும். குட்டைக் கோடுகளாக வெட்டி வெட்டிப் போனால் ஃபுட்பாத். நீளக் கோடுகளாக வெட்டிப் போனால் பிரைடில்வே. பச்சைக் கோட்டின்மேல் சிலுவை போலக் குறுக்குக் கோடுகள் இருந்தால் எல்லோருக்குமான பைவே.

புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது கறுப்பு வெட்டுக் கோட்டில். தரையில் ஒரு பாதை இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதில் போக உங்களுக்கு உரிமை உண்டா என்று சொல்லாது. பச்சைக் கோடு அதற்கு நேர் எதிர். உரிமை உண்டு என்பது உறுதி, ஆனால் போய்ப் பார்த்தால் கண்ணுக்குப் புல்வெளி மட்டும்தான் தெரியலாம்.

பாதையில் இறங்கிய பிறகு அம்புக்குறிகள் உதவும். கம்பங்களிலும் கேட்களிலும் சின்ன வட்டத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் அம்பு ஃபுட்பாத், நீல அம்பு பிரைடில்வே, ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு எல்லோருக்குமான பைவே. அம்பு உதிர்ந்து போயிருந்தால் வேலியைப் பாருங்கள். ஏறித் தாண்டுகிற மரப்படி இருந்தால் அது ஃபுட்பாத்தாகத்தான் இருக்கும், குதிரை அதில் ஏறாது அல்லவா. பிரைடில்வேயின் கேட்டில் பெரும்பாலும் நீண்ட இரும்புக் கைப்பிடி ஒன்று நிமிர்ந்து நிற்கும். குதிரையில் உட்கார்ந்தபடியே எட்டித் திறப்பதற்காக வைத்தது. சைக்கிளில் இருந்தபடி ஒரு கையால் அதைத் தள்ளி, முன் சக்கரத்தால் கேட்டை மெதுவாக நகர்த்தி உள்ளே போகப் பழகிவிட்டால் நீல அம்பையே தேட மாட்டீர்கள்.

மொபைல் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் ஓட்டிய தடங்களை ஒளிரும் கோடுகளாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவர்கள் ஓட்டினார்கள் என்பதால் அங்கே உரிமை இருப்பதாக ஆகாது. என் முதல் வருடத்தில் அப்படி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பண்ணை வீட்டின் பின்புறத்தில் நின்றேன். முதியவர் ஒருவர் நாயோடு வந்தார். கோபப்படவில்லை. கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்பை விரலால் தொட்டுக் காட்டி, "இது நடக்கிற பாதை. நீலம் அந்தத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது" என்றார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து முதல் நாள் இரவே வரைபடத்தில் முழு வழியையும் பென்சிலால் வரைந்து பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

ஃபுட்பாத்தில் ஓட்டுவது பொதுவாகக் குற்ற வழக்கு ஆகாது. நிலத்துக்காரருக்கு எதிரான அத்துமீறல் என்ற உரிமையியல் விவகாரம். சில இடங்களில் உள்ளூர் விதிகள் அதைக் குற்றமாகவே ஆக்கியிருக்கலாம். ஆனாலும் சட்டம் எவ்வளவு தூரம் விடும் என்று நான் பார்ப்பதில்லை. அந்தப் பாதையில் நடப்பவர்கள் பின்னால் சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்து நடப்பதில்லை. அந்த நிம்மதி அவர்களுக்கு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களிலும் புதர்வெளிகளிலும் கொடுத்த சுற்றித் திரியும் உரிமையும் நடப்பவர்களுக்குத்தான்.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு: மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி மணிக்கு 25 கி.மீ. வேகத்தோடு நிற்பது, பெடல் மிதித்தால்தான் ஓடுவது என்றால் அது சைக்கிள். அதற்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம், பிரைடில்வேயில் இடமில்லை.

இரண்டாம் படி: மண்ணையும் மாதத்தையும் பொருத்துங்கள்

இங்கிலாந்தில் ஐம்பது கி.மீ. போனால் மண் மாறிவிடும். இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு வருடம் முழுக்க ஓட்ட இடம் கிடைக்கும்.

தெற்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. மழை உள்ளே இறங்கிவிடுவதால் தண்ணீர் தேங்குவது குறைவு. ஆனால் மேலே நனைந்த வெள்ளைச் சுண்ணாம்பு சோப்புத் தேய்த்த கல்மாதிரி வழுக்கும். அதோடு அந்தச் சுண்ணாம்புக்குள்தான் சிக்கிமுக்கிக் கல் விளைகிறது. உடைந்தால் பிளேடு போன்ற விளிம்பு, டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். சவுத் டவுன்ஸுக்கும் நார்த் டவுன்ஸுக்கும் நடுவில் இருக்கும் வீல்டு பகுதியில் களிமண் ஏராளம். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கத்துப் பிரைடில்வேக்களை நான் தொடுவதில்லை. சக்கரம் சுழலாத அளவுக்குச் சேறு அப்பும், நாம் போன தடம் கோடைவரை பள்ளமாக நிற்கும். சர்ரே ஹில்ஸின் லீத் ஹில், ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில் மூன்றும் மணற்பாறைக் குன்றுகள். மழை வடிந்துவிடும், குளிர்காலத்துக்கு ஏற்ற இடம். வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட்டின் கரடுமுரடான மணற்கல் எந்த மழைக்கும் அசையாது, டயர் பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் அதன் உச்சி மேடுகளில் கறுப்புப் பீட் சதுப்பு உண்டு. லாங்செட்டிலிருந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குப் போகும் கட் கேட் என்ற புகழ்பெற்ற பிரைடில்வேக்கு வறண்ட வாரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

மாதக் கணக்கில் மே முதல் செப்டம்பர் வரை சொர்க்கம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் தென் இங்கிலாந்தில்கூட நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மதியம் இரண்டுக்குத் திரும்பத் தொடங்க வேண்டும், விளக்கும் கையில் வேண்டும். வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் காலம், மேய்ச்சல் நிலத்தில் உருட்டிக்கொண்டு போகிற வேகம் போதும். ஜூலையில் காஞ்சொறிச் செடி ஹேண்டில்பார் உயரத்துக்கு நிற்கும், பட்டால் ஒரு மணி நேரம் எரியும். செப்டம்பரில் விவசாயிகள் வேலிச் செடிகளை இயந்திரத்தால் வெட்டுவார்கள். பாதை முழுக்க ஹாதார்ன் முள் கிடக்கும். ட்யூப் போட்ட டயரோடு போனால் அன்றைக்கு எத்தனை முறை பஞ்சர் ஒட்ட நேரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் படி: சைக்கிளும் பையும்

முன் பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டெயில் போதும். 29 அங்குலச் சக்கரம், முன் ஃபோர்க்கில் 100 முதல் 130 மி.மீ. அசைவு, நல்ல டிஸ்க் பிரேக். பிரைடில்வே ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய வண்டி தேவையில்லை என்பது என் திடமான எண்ணம். கையில் கூடுதலாகக் காசு இருந்தால் டயருக்கும், சீட்டை ஒரு பொத்தானில் இறக்கும் டிராப்பர் போஸ்ட்டுக்கும் செலவிடுங்கள்.

டயர் 2.3 அல்லது 2.4 அங்குல அகலம், ட்யூப்லெஸ், உள்ளே சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம். எழுபது எழுபத்தைந்து கிலோ எடை உள்ளவருக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றில் தொடங்கலாம். ரிம் கல்லில் இடித்தால் இரண்டு கூட்டுங்கள். வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஏறுவதற்கு முன் பிரேக்கைச் சோதியுங்கள்; இங்கே வழக்கமாக வலது கைப்பிடிதான் முன் பிரேக்.

பையில் ஒரு ட்யூப், கைப்பம்பு, டயர் ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி, மல்டி டூல், செயின் இணைப்புக் கண்ணி. மழைக்கோட்டை ஜூலையிலும் விடாதீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், உப்புப் போட்ட ஏதாவது. தெர்மாமீட்டர் 15 டிகிரி காட்டினாலும் மேட்டின் காற்றில் வியர்வை காயும்போது உடம்பு நடுங்கும், அதனால் கையுறை அவசியம். மொபைலில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. காகித வரைபடமும் கூடவே வரட்டும்.

நான்காம் படி: டிரெயில் சென்டரில் கை பழக்குங்கள்

பிரைடில்வேக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் டிரெயில் சென்டரில் ஓட்டுவது நல்லது. காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே போட்ட ஒருவழித் தடங்கள் இவை, எதிரே யாரும் வர மாட்டார்கள். ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து நிர்வகிக்கும் காடுகளில் பல உண்டு: யார்க்‌ஷரில் டால்பி, லேக் டிஸ்ட்ரிக்ட்டில் கிரைஸ்டேல், வின்லேட்டர், வடக்கு எல்லையில் கீல்டர், நடுவில் கேனக் சேஸ். 2022 காமன்வெல்த் போட்டிகளின் மவுண்டன் பைக் பந்தயம் இந்தக் கேனக் சேஸில்தான் நடந்தது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும். இங்கே நீலம் என்றால் ஓரளவு சுலபம் என்று பொருள், பிரைடில்வே நீலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் தடமாக ஃபாரஸ்ட் ஆஃப் டீனின் வெர்டரர்ஸ் டிரெயிலைச் சொல்வேன். நீலம், சுமார் 11 கி.மீ., ஓட ஓட ஆசை கூடும்.

அங்கே நான்கு விஷயங்கள் பழகினால் போதும். இறக்கத்தில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்காலை மடக்கி நிற்பது. சக்கரத்துக்கு நேர் கீழே பார்க்காமல் பத்து மீட்டர் முன்னால் பார்ப்பது. கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுவது. ஈரமான மரவேர் குறுக்கே வந்தால் அதைச் செங்குத்தாகக் கடப்பது, வேரின்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதிருப்பது. பழகப் பழகத்தான் இவை உடம்பில் ஏறும்.

சர்ரே ஹில்ஸ், பிரைடில்வேக்கும் டிரெயில் சென்டருக்கும் நடுவான வகை. அங்கே ஹர்ட்வுட் என்ற காட்டுப்பகுதியை 1926-இல் அதன் உரிமையாளர் ரெஜினால்ட் பிரே, காற்று வாங்கவும் உடலை அசைக்கவும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இன்று அதே குன்றுகளில் 'பேரி நோஸ் பெஸ்ட்' போன்ற தடங்கள் நில நிர்வாகத்தின் சம்மதத்தோடு ஓடுகின்றன. பீஸ்லேக் கிராமக் கடையின் சீஸ் ஸ்ட்ரா (சீஸ் சேர்த்துச் சுட்ட குச்சிப் பலகாரம்) சைக்கிள்காரர்களிடையே பெயர் பெற்றது; சூடாகக் கிடைத்தால் இரண்டு வாங்குங்கள். கோம்ஷால் ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம்.

ஐந்தாம் படி: பாதையில் எதிர்ப்படுகிறவர்கள்

நடப்பவர்களிடம் வேகத்தைக் குறைத்து, தூரத்திலேயே ஒரு "ஹலோ" சொன்னால் போதும். குதிரைக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை இருபுறமும் வேலி நெருக்கிய ஒடுங்கிய தடத்தில் எனக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் குதிரை போய்க்கொண்டிருந்தது. முப்பது மீட்டர் பின்னாலேயே வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுத்தேன். குதிரையின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. நான் பெடலை நிறுத்தி உருண்டு வரவும் பின் சக்கரத்திலிருந்து டிக்டிக் என்ற சத்தம் எழுந்தது. உடனே இரண்டு காதும் பின்னால் மடங்கின, முதுகு இறுகியது, குளம்புகள் குறுக்கே நகர்ந்தன. மேலே இருந்த பெண்மணி திரும்பாமலேயே சொன்னார்: "பேசிக்கொண்டே வாருங்கள்." என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினேன். சில நொடிகளில் காதுகள் தளர்ந்தன. பாதை விரிந்த இடத்தில் அவர் ஒதுங்கி நின்றார். நான் நடை வேகத்தில், எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போனேன். அந்த டிக்டிக் எதனுடையது என்று குதிரைக்குத் தெரியாது, நேர் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்கும் படாது. மனிதக் குரல் கேட்டால்தான் அதற்கு நிம்மதி. இன்றைக்கும் குதிரையைக் கண்டால் நான் பேசத் தொடங்கிவிடுவேன்.

மாடுகள் நிற்கும் வயலில் இறங்கித் தள்ளுவது நல்லது, கன்று இருந்தால் கட்டாயம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். வயலுக்குக் குறுக்கே ஓடும் பிரைடில்வேயை விவசாயி உழுதிருந்தால் பதறாதீர்கள்: உழ அவருக்கு உரிமை உண்டு, வழக்கமாக 14 நாளுக்குள் குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்ப உருவாக்கித் தர வேண்டிய கடமையும் உண்டு. வயலின் ஓரமாகப் போகும் பிரைடில்வேயை மட்டும் உழவே கூடாது.

ஆறாம் படி: ஏதாவது ஆனால்

அடிபட்டால் 999 அல்லது 112. பீக், லேக் டிஸ்ட்ரிக்ட் போன்ற மலைப்பக்கம் என்றால் முதலில் காவல் துறையைக் கேட்டு, அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்ல வேண்டும். இருக்கும் இடத்தை வரைபடக் கட்ட எண்ணால் சொல்லப் பழகுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் செயலி அதைக் காட்டும். பேச முடியாத அளவு சிக்னல் குறைவாக இருந்தால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அதற்கு உங்கள் எண்ணை வீட்டிலிருந்தே பதிவு செய்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். பிராக்கன் பெரணிப் புதர்களில் உண்ணிகள் இருக்கும், எள் அளவுதான். அதற்கென்று விற்கும் கொக்கியால் தலையோடு எடுத்துவிட வேண்டும். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ லைம் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஏழாம் படி: ஒரு முழு நாள், ஆம்பர்லியிலிருந்து ஷோரம் வரை

சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. ஓடும் தேசியப் பாதை, 1972-இல் திறந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சைக்கிளில் போகலாம் என்பது இதன் பெரிய அழகு. கிழக்குக் கோடியில், ஆல்ஃபிரிஸ்டனுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும்: செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைக் கடற்பாறைகளின்மேல் போவது நடப்பவர்களுக்கு, ஜெவிங்டன் கிராமம் வழியாகப் போவது நமக்கு. முழுதாக ஓட்டுவது பிறகு. முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது நடுத்துண்டு, கிட்டத்தட்ட 30 கி.மீ. எக்ஸ்ப்ளோரர் வரைபடத் தாள்கள் ஓஎல் 10, ஓஎல் 11.

லண்டன் விக்டோரியாவிலிருந்து ஆம்பர்லிக்கு ரயில். வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் மடிக்க முடியாத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே வார இறுதி நல்லது. ஆனால் ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதில் சைக்கிளுக்கு இடம் இருக்காது. முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பழைய சுண்ணாம்புக் குவாரியின் வெள்ளைச் சுவர் தெரியும். ஏகோர்ன் சின்னம் போட்ட பலகைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓக் மரத்தின் காய் அது, எல்லாத் தேசியப் பாதைகளுக்கும் அடையாளம். அருன் ஆற்று மட்டத்திலிருந்து ராக்கம் ஹில்லின் கிட்டத்தட்ட 190 மீட்டர் வரை ஒரே ஏற்றம். தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை. மேலே ஏறியதும் காற்று முகத்தில் அடிக்கும். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, கிழக்கே போகும் உங்களை அதுவே தள்ளிவிடும். இடது பக்கம் குன்று சரேலென்று சரிந்து, கீழே வீல்டின் வயல்களும் வேலிகளும். வலது பக்கம் தூரத்தில் கடல். தலைக்கு மேலே வானம்பாடிகள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று பாடிக்கொண்டே இருக்கும். நான் இந்த மேட்டில் ஒருமுறைகூட நிற்காமல் போனதில்லை.

சுமார் 10 கி.மீ. மேட்டிலேயே ஓடியபின் வாஷிங்டன் கிராமத்தை நோக்கி இறக்கம். இங்கே நேர்வழி நான்கு தட நெடுஞ்சாலை ஒன்றைத் தரையிலேயே குறுக்கே கடக்கிறது, கார்கள் பறக்கும். இறங்கத் தொடங்கும் முன் பலகைகளைக் கவனித்து, கிராமத்துக்குள் போய்ப் பாலத்தில் சாலையைக் கடக்கும் மாற்று வழியை எடுங்கள். கொஞ்சம் சுற்று. குழந்தைகளோடு போனால் வேறு யோசனையே வேண்டாம்.

அடுத்த ஏற்றம் சாங்டன்பரி. உடைந்த சிக்கிமுக்கிக் கற்கள் நிறைந்த தடம், கியரை முன்பே இறக்கிக்கொண்டு உட்கார்ந்தே மிதித்தால் பின் சக்கரம் வழுக்காது. உச்சியில் இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்றின் வளையம், அதன்மேல் மரங்கள். 1760-இல் சார்ல்ஸ் கோரிங் என்ற இளைஞர் நட்ட பீச் மரங்கள் அவை. 1987 அக்டோபர் புயல் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. இப்போது நிற்பவற்றில் பல அதற்குப் பின் நட்டவை. இளமரங்கள் வளையத்தை மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டு வருவதை வருடா வருடம் பார்க்கிறேன். மண்கோட்டையின் மேடுகளில் சைக்கிளை ஏற்றாதீர்கள், பாதை பக்கத்திலேயே போகிறது.

அங்கிருந்து ஸ்டெய்னிங் பவுல் என்ற பெரிய கிண்ணப் பள்ளத்தாக்கின் விளிம்பு. தகரக் கூரைக் கொட்டகைகளோடு பன்றிப் பண்ணை ஒன்று வரும், கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதைத் தாண்டியதும் ஆனிங்டன் ஹில் இறக்கம். அகலமான, நேரான, வேகம் கூடுவதே தெரியாத இறக்கம்; கீழே வளைவில் யாராவது மேலே வந்துகொண்டிருக்கலாம், எனவே பாதியிலேயே பிரேக்கைத் தொட்டு வையுங்கள். மழை பெய்திருந்தால் வெள்ளையாகப் பளபளக்கும் இடங்களைத் தவிர்த்துப் புல் ஓரமாக இறங்குங்கள்.

இறங்கினால் போட்டால்ஃப்ஸ். சாக்சன் காலத்துத் தேவாலயம், அப்பால் ஆடர் ஆற்றுப் பாலம், பக்கத்தில் குடிநீர்க் குழாய். பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கே டவுன்ஸ் லிங்க் பாதை வந்து சேரும். 1960-களில் மூடிய ரயில் பாதையைச் சைக்கிளுக்கும் குதிரைக்கும் நடைக்கும் ஆக்கியது. அதைப் பிடித்துத் தெற்கே ஆற்றோடு போனால் சமதளமாக ஆறேழு கி.மீ. மேற்குக் கரையின் மேட்டில் லான்சிங் கல்லூரியின் உயர்ந்த தேவாலயம் தெரியும், பிறகு பழைய மரப் பாலம், அப்புறம் ஷோரம் ரயில் நிலையம். நின்று நிதானித்து வந்தாலும் நான்கைந்து மணி நேரம்.

சுண்ணாம்புச் சேறு காய்ந்தால் சிமென்ட்டாக இறுகும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்று இரவே செயினையும் பிரேக்கையும் வாளித் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். வழியில் விழுந்த மரமோ உடைந்த கேட்டோ பார்த்திருந்தால் கட்ட எண்ணோடு கவுண்டி கவுன்சிலின் பொதுப்பாதைப் பிரிவுக்கு எழுதுங்கள்; ஐந்து நிமிட வேலை.

அதன்பின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, ஓட்டிய துண்டைப் பென்சிலால் அழுத்தி வரைவேன். சாங்டன்பரியிலிருந்து வடக்கே விஸ்டன் பக்கம் காட்டுக்குள் இறங்கும் நீளப் பச்சைக் கோடு ஒன்று என் தாளில் இன்னும் வரையாமல் இருக்கிறது. வறண்ட வாரத்துக்காகக் காத்திருக்கிறேன்.